எண்ணிக்கை சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லிம்போமா (நிணநீர்ப் புற்று) என்று தெரிந்து, ரிட்டுக்ஸிமாப் சேர்த்த கீமோதெரபி முடித்தார். நோய் திரும்பியதால் மறுபடி கீமோ கொடுத்து, ஆகஸ்ட் மாதம் கோயம்புத்தூரில் அவருடைய சொந்த ஸ்டெம் செல்களையே எடுத்துத் திருப்பிச் செலுத்தினார்கள். இப்போது தெம்பாக இருக்கிறார். வெள்ளணு 6,200. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ‘இனி எதற்கு இத்தனை மாத்திரை’ என்று அசைக்ளோவிர், என்டெகாவிர் இரண்டையும் மூன்று வாரமாக நிறுத்திவிட்டார். மஞ்சள் காமாலையே வராத தனக்கு அதற்கான மாத்திரை ஏன் என்று கேட்கிறார். ‘ஹெபடைட்டிஸ் பி கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட்டில் இருப்பது லேப் தவறு என்பது அவர் எண்ணம். அம்மாவோ பனி பட்டால் வைரஸ் வந்துவிடும் என்று ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. வீட்டில் என் 9 மாதக் குழந்தை இருக்கிறது. போலியோ சொட்டு மருந்து போடலாமா? அப்பாவின் வார்டில் இருந்த ஒரு பையனுக்கு வாராவாரம் சிஎம்வி என்ற வைரஸுக்கு டெஸ்ட் எடுத்தார்கள், அப்பாவுக்கு எடுக்கவில்லை. மறந்துவிட்டார்களா? ஹெத்தையம்மன் திருவிழாவுக்கும் போயே தீருவேன் என்கிறார். என்ன செய்வது?

— ஒரு மகள், கோத்தகிரி

பதில் (ரத்தநோய் மருத்துவர்):

நீங்கள் கேட்டவற்றில் ஒன்று மட்டும் அச்சேறும் வரை காத்திருக்கக் கூடியதல்ல. அதனால் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆசிரியர் குழு வழியாக உங்களுக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன். நிறுத்திய மாத்திரைகளைப் பற்றி ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்த மருத்துவரிடம் அன்றே பேச வேண்டும். கல்லீரல் என்சைம் பரிசோதனையும் ஹெபடைட்டிஸ் பி டிஎன்ஏ பரிசோதனையும் எடுக்க வேண்டும். மருத்துவர் தொடங்கச் சொன்னால் பரிசோதனை முடிவுக்காக மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. இதுவரை செய்யவில்லை என்றால் மீதியைப் பிறகு படியுங்கள், முதலில் தொலைபேசியை எடுங்கள்.

இனி ஏன் என்பதைச் சொல்கிறேன். 6,200 என்ற எண் சரியானதுதான். ஆனால் அப்பா கேட்கும் கேள்விக்கான பதில் அந்த எண்ணில் இல்லை. வெள்ளணு என்று ரிப்போர்ட்டில் வருவது பல வகைச் செல்களின் கூட்டுத்தொகை. அதில் பெரும்பங்கு நியூட்ரோஃபில். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்ப்பது அதன் வேலை. கீமோ கொடுத்து 7 முதல் 14 நாட்களுக்குள் அது அடிமட்டத்துக்குப் போய், பிறகு ஏறிவிடும். சொந்த ஸ்டெம் செல் மாற்றிலும் இரண்டு வாரத்தை ஒட்டி அது தலைகாட்டத் தொடங்கும். வைரஸைக் கட்டுக்குள் வைப்பது வேறொரு கூட்டம்: லிம்போசைட்டுகள், அதிலும் குறிப்பாக டி செல்கள். அவை எண்ணிக்கையிலும் திறமையிலும் பழைய நிலைக்கு வர ஆறு மாதம், ஓராண்டு என்று இழுக்கும். வேறொருவர் கொடுத்த செல் என்றால் அதற்கும் மேல். ரிட்டுக்ஸிமாப் அழித்த பி செல்கள் (இன்னொரு வகை லிம்போசைட்) திரும்பி வரவும் கடைசி டோஸிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு மாதம் தேவை. கவாத்து செய்த தேயிலைச் செடியில் சில வாரங்களிலேயே துளிர் தெரியும். அதைப் பார்த்துவிட்டு யாரும் கொழுந்து பறிக்க ஆள் அனுப்புவதில்லை. அப்பாவின் 6,200 அந்தத் துளிர்.

சரி, வைரஸ் எங்கிருந்து வருகிறது? உங்கள் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீமோவிலும் மாற்று சிகிச்சையிலும் எங்களைக் கவலைப்பட வைக்கும் வைரஸ்களில் பாதிக்கு மேல் ஜன்னல் வழியாக வருபவை அல்ல. அவை நோயாளியின் உடம்புக்குள் முப்பது, நாற்பது ஆண்டுகளாக இருப்பவை. சின்ன வயதில் வந்த அம்மை, உதட்டோரக் கொப்புளம், வந்ததே தெரியாமல் போன ஒரு காய்ச்சல் ஆகியவை குணமானபோது வைரஸ் வெளியேறிவிடவில்லை. நரம்பு முடிச்சிலும், வெள்ளணுவுக்குள்ளும், கல்லீரல் செல்லின் கருவுக்குள்ளும் அடங்கிக் கிடக்கிறது. டி செல்கள் இருக்கும் வரை அடங்கியே கிடக்கும். அவற்றை நாங்கள்தான் மருந்து கொடுத்து அழிக்கிறோம். லிம்போமாவை அழிக்க வேறு வழி இல்லை.

அப்பாவின் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. லேப் தவறு என்று அவர் நினைப்பது இயல்புதான், ஆனால் பெரும்பாலும் தவறாக இருக்காது. இந்த வைரஸ் வந்தவர்கள் எல்லோருக்கும் கண் மஞ்சளாவதில்லை. குழந்தைப் பருவத்தில் வந்தால் சத்தமே இல்லாமல் வந்து போகும். மேற்பரப்பு ஆன்டிஜென் நெகட்டிவ், கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால், ஒரு காலத்தில் வந்தது, உடம்பு அதை அடக்கிவிட்டது என்று பொருள். அடக்கியதுதான், அழித்தது அல்ல. வைரஸின் மரபுப் பொருள் கல்லீரல் செல்லின் கருவுக்குள் தங்கிவிடுகிறது. பி செல்களைத் துடைத்தெடுக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகள் அதை எழுப்பிவிடுகின்றன. சிலர் கல்லீரல் செயலிழந்தே இறந்ததால், 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகளுக்குத் தன்னுடைய மிகக் கடுமையான எச்சரிக்கையை வலுப்படுத்தியது.

இதில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. வைரஸ் பெருகும்போது நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. எதிர்ப்பு சக்தி திரும்பத் தொடங்கும்போதுதான் அது வைரஸ் புகுந்த கல்லீரல் செல்களைத் தாக்குகிறது, காமாலை வருகிறது. அதாவது உடம்பு தேறிவரும் இந்த மாதங்களே ஆபத்தான மாதங்கள். ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பது மாத்திரையை நிறுத்தக் காரணமாகாது. கடைசி ரிட்டுக்ஸிமாப் டோஸுக்குப் பிறகு குறைந்தது 12 மாதம், பல மருத்துவர்கள் 18 மாதம் வரை, என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் கொடுக்கிறார்கள். நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்குக் கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த மாத்திரையானாலும் சாப்பிட்ட பிறகு போடுவது நம் வீடுகளின் வழக்கம். என்டெகாவிருக்கு அது பொருந்தாது. உணவோடு போட்டால் உடம்பில் சேரும் அளவு குறையும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த உணவுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகப் போட வேண்டும். இரவு படுக்கும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அசைக்ளோவிருக்கு வேறு நிபந்தனை: தண்ணீர். போதிய தண்ணீர் இல்லாமல் அது சிறுநீரகத்துக்குத் தொல்லை கொடுக்கும். குளிரில் தாகம் எடுப்பதில்லை. நாள் முழுவதும் நாலு டம்ளர் டீயோடு ஓட்டும் ஆட்களை மலையில் நிறையப் பார்க்கிறேன். வெந்நீர்ப் பிளாஸ்க் ஒன்றை அவர் பக்கத்திலேயே வையுங்கள்.

அசைக்ளோவிர் எதற்கு என்று அப்பா கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சில் தங்கி, பின்னாளில் அக்கியாக வெளிவருகிறது. அதன் உறவுக்கார வைரஸான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வாயைப் புண்ணாக்குகிறது. அசைக்ளோவிர் வருவதற்கு முன் மாற்று சிகிச்சை வார்டுகளில் இந்த வாய்ப்புண் சர்வசாதாரணம். அந்த வைரஸ் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அது கிளம்பிவிடும். இந்த மருந்துக்குப் பின்னால் இருந்த ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர் கெர்ட்ரூட் எலியன். ரத்தப் புற்றுக்கு இன்றும் நாங்கள் எழுதும் மெர்காப்டோபியூரினும் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது. 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புற்றுக்கான மருந்து, அந்த மருந்தால் கிளம்பும் வைரஸுக்கான மருந்து இரண்டிலும் ஒரே பெயர் இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

சொந்த செல் மாற்றுக்குப் பிறகு அசைக்ளோவிர் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. உங்கள் மருத்துவர் எழுதிய அளவும் காலமும்தான் கணக்கு. இடையில் நிறுத்தியவர்களுக்கு அக்கி வருவதைப் பார்க்கிறோம். பொதுவாக உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டையாக எரிச்சலும் வலியும் முதலில் வரும். இரண்டு மூன்று நாளில் கொப்புளம். அப்பா ‘இடுப்பில் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். காவிக்கல் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறது; மலையில் குடியேறிய குடும்பங்கள் அதற்காகவே கீழே இறங்கிப் போகின்றன. நம்பிக்கையில் எனக்குச் சண்டை இல்லை, அதில் கரையும் இரண்டு நாளில்தான் சண்டை. முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் மருந்துதான் நன்றாக வேலை செய்யும். அப்பாவைப் போன்றவருக்கு அக்கி ஒரு பட்டையோடு நிற்காமல் உடம்பெங்கும் பரவி, நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகலாம். அப்போது மருந்தை நரம்பு வழியாகக் கொடுக்க வேண்டும். சிலருக்குக் கொப்புளமே இல்லாமல் தாங்க முடியாத வயிற்றுவலியாகத் தொடங்கும். அல்சர் என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அக்கம்பக்கத்தில் குழந்தைக்கு அம்மை போட்டிருப்பது தெரிந்து, அப்பா அந்த வீட்டுக்குப் போய் வந்திருந்தால், அம்மை வரட்டும் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது தொற்றும். உடனே எங்களிடம் சொன்னால் இம்யூனோகுளோபுலின் ஊசி பற்றியோ மாத்திரை அளவைக் கூட்டுவது பற்றியோ முடிவெடுக்கலாம். அந்த ஊசிக்கு முதல் நான்கு நாட்கள் பொன்னானவை. பத்து நாள் வரை போடலாம்.

அடுத்து, பக்கத்துப் படுக்கைப் பையன். உங்கள் மருத்துவமனை எதையும் மறக்கவில்லை. வாராவாரம் சிஎம்வி பார்த்தார்கள் என்றால் அந்தப் பையன் வேறொருவரின் செல்லைப் பெற்றவனாக இருக்க வேண்டும். கொடையாளியின் செல் அவன் உடம்பைத் தாக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்கிறோம். அவை டி செல்களை மேலும் முடக்குகின்றன. சைட்டோமெகலோவைரஸ் எனப்படும் சிஎம்வி நம் நாட்டுப் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் உடம்பில் உண்டு. கொடையாளி மாற்றுக்குப் பிறகு முதல் 100 நாட்களில் அது எழுந்தால் நுரையீரலையும் குடலையும் தாக்கி உயிரை எடுக்கும். அதனால் ரத்தத்தில் தலைகாட்டியவுடன், நோய் வரும் முன்பே கான்சிக்ளோவிர் தொடங்குவார்கள். அந்த மருந்து புதிதாக வேர்பிடித்த வெள்ளணுக்களையே குறைக்கும் என்பதால் கத்தி மேல் நடக்கும் வேலை. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெடெர்மோவிர், எண்ணிக்கையைக் குறைக்காமல் சிஎம்வியை முன்கூட்டியே தடுக்கிறது. அந்தப் பிரிவு நோயாளிகளுக்கு அடினோவைரஸ், சிறுநீரில் ரத்தம் வர வைக்கும் பிகே வைரஸ், நெறிகட்டிப் புற்றாகவே மாறக்கூடிய ஈபிவி (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) என்று இன்னும் பல உண்டு. ஈபிவிக்கு நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று ரிட்டுக்ஸிமாப் என்பது வேடிக்கையான உண்மை. சொந்த செல் மாற்றில் இவை அரிது. அதனால்தான் அப்பாவுக்கு வாராந்திரப் பரிசோதனை இல்லை. காரணம் தெரியாத காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ நீடித்தால் அவருக்கும் எடுப்பார்கள்.

இப்போது அம்மாவின் ஜன்னல். பனியில் வைரஸ் இல்லை. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திய ஒரே அறையில் அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, அதில் ஒருவர் இருமுகிறாரே, அங்கேதான் வைரஸ் இருக்கிறது. இன்ஃப்ளூயன்சா, ஆர்எஸ்வி, பாராஇன்ஃப்ளூயன்சா, கோவிட் ஆகியவை உங்கள் குழந்தைக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாக வந்து போகலாம். அப்பாவுக்கு நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகலாம். பகலில் வெயில் இருக்கும்போது ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், அப்பாவுக்கு ஸ்வெட்டரைப் போட்டுவிடுங்கள். விறகுப் புகை அவர் அறைக்கு வர வேண்டாம். வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, அப்பாவுக்குப் பரிமாறுவதை வேறொருவரிடம் விட வேண்டும். வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவரும், ஆறு மாதம் தாண்டிய உங்கள் குழந்தையும், இந்த ஆண்டுக்கான ஃப்ளூ ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவைச் சுற்றிப் போடும் வேலி அதுதான்.

குழந்தையின் தடுப்பூசியை நிறுத்தவே கூடாது. 9 மாதத்தில் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசி உயிருள்ள வைரஸ்தான், ஆனால் அது குழந்தையிடமிருந்து தாத்தாவுக்குப் பரவுவதில்லை, தயங்காமல் போடுங்கள். தட்டம்மை வீட்டுக்குள் வருவதுதான் பயங்கரம். ரோட்டா சொட்டு மருந்துக் காலம் முடிந்துவிட்டது. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து மட்டும் வேறு கணக்கு. அதிலுள்ள உயிருள்ள வைரஸ் குழந்தையின் மலத்தில் பல வாரம் வெளிவரும். அப்பா வீட்டில் இருக்கும் வரை குழந்தைக்குப் போலியோவை ஊசியாகவே போடும்படி குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். போலியோ முகாம் நாளில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம், தாத்தாவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை நடந்திருக்கிறது என்று டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிச் சொல்லுங்கள்; அவர்களுக்குப் புரியும். தெரியாமல் போட்டுவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம் தாத்தாவும் பேரக்குழந்தையும் ஒட்டி உறவாட வேண்டாம். துணி மாற்றுவது, மலம் கழுவுவது அவர் வேலை இல்லை. பெரும்பாலான தாத்தாக்களுக்கு இந்த விதி கஷ்டமாக இருப்பதில்லை.

அப்பாவுக்கே தடுப்பூசிகள் மறுபடி தேவை. சிறு வயதில் போட்டதெல்லாம் இந்த சிகிச்சையில் பெருமளவு கரைந்துவிடும். நிமோகாக்கல், ஃப்ளூ, ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ், போலியோ ஊசி போன்ற உயிரற்ற வகைகளை மூன்று முதல் ஆறு மாதத்தில் தொடங்கலாம். ரிட்டுக்ஸிமாப் பெற்றவர் என்பதால் எதை எப்போது என்று உங்கள் மருத்துவர் கணக்கிடுவார். உயிருள்ள தடுப்பூசி எதுவும் இரண்டு ஆண்டுக்கு முன் வேண்டாம். 2023-இல் இந்தியாவுக்கு வந்த ஷிங்க்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசி உயிரற்றது, இவருக்குப் பொருந்தும். விலைதான் கொஞ்சம் கசக்கும்.

நீலகிரிக்காரர் என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாக. நாய் கடித்தாலும் குரங்கு கீறினாலும் குன்னூரில் 1907 முதல், வெறிநாய்க்கடிக்கெனத் தொடங்கிய பாஸ்டர் நிலையம் இருக்கும் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுவீர்கள். ஆனால் அப்பா முன்பு வெறிநாய்க்கடி ஊசி போட்டிருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தோல் லேசாகக் கீறியிருந்தாலும் அவருக்கு முழுத் தவணை ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ஊசி போடும் இடத்தில் மாற்று சிகிச்சை நடந்ததைச் சொன்னால்தான் இது நடக்கும்.

காய்ச்சல் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. உங்கள் ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடையில் ஒரு மலைப்பாதை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மரம் விழுந்தால் அது எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு 100.4 டிகிரி தாண்டினால் பாராசிட்டமால் கொடுத்து ராத்திரியை ஓட்டாதீர்கள். அது காய்ச்சலை மறைக்கும், காரணத்தைப் போக்காது. கோயம்புத்தூர் போய்த்தான் சிகிச்சை என்றும் நினைக்காதீர்கள். முதலில் கோத்தகிரியிலோ உதகையிலோ உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய் ரத்த எண்ணிக்கை பார்த்து, நியூட்ரோஃபில் குறைந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏற்றி, பிறகு கீழே இறங்கலாம். வைரஸா பாக்டீரியாவா என்று வீட்டில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. இதற்காக உங்கள் மருத்துவரிடம் உள்ளூர் மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். என்ன சிகிச்சை, கடைசி ரிட்டுக்ஸிமாப் எப்போது, என்ன மாத்திரை, ரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சு செலுத்திய ரத்தம் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாகத் திருவிழா. பல ஆயிரம் பேர் கூடும் நாளில் அப்பா நெரிசலில் நிற்க நான் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அவரை அறையில் பூட்டி வைப்பதும் சிகிச்சை ஆகாது. கூட்டம் சேரும் முன் அதிகாலையிலோ, முக்கிய நாள் முடிந்த பிறகோ, முகக்கவசத்தோடு திறந்தவெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வரட்டும். பந்தியில் உட்காராமல் வீட்டில் சாப்பிடட்டும். நலம் விசாரிக்க வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் இருமல், தும்மல் உள்ளவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று பழியை என் மேல் போடுங்கள். எனக்கு அந்த ஊரில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை.